பாரம் ஏற்றிப் பார்க்காத பிரேக்

சென்ற மாதம் ஒரு காலை, நான் சமையலறையில் இருந்தபோது போன் வந்தது. நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்பு எங்கள் அலுவலகத்தில் சேர்ந்த இளம் பெண் ஆய்வாளர்.

"மேடம், ஒரு விபத்து வண்டி. பிக்கப். பிரேக் பிடிக்கலைன்னு டிரைவர் சத்தியம் பண்றாரு. நான் மிதிச்சுப் பார்த்தேன், நல்லா நிக்குது. ஆயில் ஒழுகல, எதுவும் உடையல. 'இயந்திரக் கோளாறு இல்லை'ன்னு எழுதிடலாமா?"

"எழுதாதீங்க. வண்டி மோதுனப்போ பாரம் இருந்துச்சா?"

"இருந்துச்சு போல. இப்ப எறக்கிட்டாங்க."

"பின்னாடி படுத்து, ஸ்பிரிங்ல கூடுதலா பட்டை போட்டிருக்கான்னு பாருங்க. பார்த்துட்டுக் கூப்பிடுங்க."

போனை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தேன். அன்று சமையல் ஆகவில்லை. அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது ஒரு நிமிடப் பதில். முழுப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்தவள். செங்கல்பட்டுப் பக்கம் ஓர் அலுவலகம். எது என்பது வேண்டாம். இதில் வருகிறவர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தேன், வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். பிறகு ஒரு பணிமனையில் பயிற்சி, தேர்வு, நியமனம். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் என் காக்கிச் சட்டையின் முதுகில் கிரீஸ் கறை போனதே இல்லை. துவைத்துத் துவைத்து அலுத்துப்போன என் கணவர், "உத்தியோகம் பாக்கறியா, உருண்டுகிட்டு வர்றியா?" என்று கேட்பார்.

எங்கள் வேலையில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, எஃப்.சி. என்று எல்லோரும் சொல்கிற தகுதிச் சான்று கொடுப்பது. இரண்டாவது, விபத்து நடந்த வண்டியைப் பார்த்து, விபத்துக்கு வண்டியின் கோளாறு காரணமா இல்லையா என்று போலீசுக்கு எழுதிக் கொடுப்பது. ஓட்டியவர்கள் பெரும்பாலும் சொல்வது ஒன்றே: "பிரேக் பிடிக்கல." நாங்கள் பெரும்பாலும் எழுதுவதும் ஒன்றே: "விபத்து இயந்திரக் கோளாறால் நேர்ந்ததல்ல." ஓட்டியவர் பொய் சொல்கிறார் என்று அதற்குப் பொருள் என்பதை நாங்கள் யோசிப்பதில்லை.

பிக்கப் வண்டிக்காரர்கள் எஃப்.சி.க்கு வரும்போது பிரேக்கைப் பற்றிச் சொல்லும் குறைகளைக் கேட்டே, வண்டி எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடலாம். கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரை கடலோரத்து மீன் வண்டிகளுக்கு உப்புதான் எமன். மீன் பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகி ஒழுகி, பின் சக்கரத்து டிரம் துருவேறிப்போகும். கைப்பிரேக் கம்பி உறைக்குள்ளேயே இறுகிக்கொள்ளும். பிரேக் குழாய் வெளியே பார்க்க முழுசாக இருக்கும். நகத்தால் சுரண்டினால் பொடியாகக் கொட்டும். ஜல்லியும் செங்கல்லும் ஏற்றுகிற உள்நாட்டு வண்டிகளில் தூசி புகுந்து, பிரேக் வைத்தால் இரும்போடு இரும்பு உரசிக் கத்தும். சிறுசேரிப் பக்கம் தண்ணீர் கேன் போடுகிற ஒருவர், பிரேக் பிடித்தால் விடவே மாட்டேன் என்கிறது என்று வந்தார். பிரேக் ஆயில் குறைகிறதே என்று வீட்டிலிருந்த என்ஜின் ஆயிலை ஊற்றியிருந்தார். உள்ளே இருந்த ரப்பர் எல்லாம் ஊறிப் பருத்துப் போயிருந்தது. "எல்லாம் ஆயில்தானே மேடம்?" என்று என்னிடமே கேட்டார்.

இவற்றையெல்லாம் காதால் கேட்டுப் பிரித்தறிய எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கோதண்டம் சார். எங்கள் அலுவலகத்தின் முதல் நிலை ஆய்வாளர், என் மேலதிகாரி. அதிகம் பேசமாட்டார். வேலையைத் தொடங்குமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போடுவார். விபத்து வண்டியின் மேல் யாராவது கையை ஊன்றி நின்றால், "கைய எடுங்க" என்பார், இழவு வீட்டில் பேசுகிற குரலில். போலீஸ்காரராக இருந்தாலும் அப்படித்தான்.

அவர் முதலில் வண்டியைப் பார்க்க மாட்டார். ஓட்டியவரை உட்காரவைத்து, டீ வாங்கித் தரச் சொல்லுவார். கொஞ்சம் நிதானத்துக்கு வந்த பிறகு கேட்பார்: "வண்டிய அப்பறம் பாக்கலாம். உன் கால் என்ன சொல்லுச்சு?"

கல்லை மிதித்தது போல இருந்தது என்றால், சூட்டில் பிரேக் பேடு கருகியிருக்கலாம், அல்லது மிதிக்கு வலுச் சேர்க்கும் பூஸ்டர் வேலை செய்யாமல் போயிருக்கலாம். பஞ்சு போல அமுங்கியது என்றால் குழாயில் காற்று. மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்ல இறங்கிக்கொண்டு போனது என்றால், ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்திருக்கிறது. ஒரேயடியாகத் தரையைத் தொட்டது என்றால் ஆயில் எங்கோ கொட்டிவிட்டது, அல்லது கொதித்துவிட்டது. கால் சொன்னதைக் கேட்ட பிறகுதான் வண்டியிடம் போவார். "வண்டி ஆறிப்போனதும் பேச்ச மாத்திடும்மா" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அது எவ்வளவு உண்மை என்பது தேசிங்கு வழக்கில்தான் எனக்குப் புரிந்தது.

தேசிங்கு நெம்மேலிக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்துக்காரர். வயது இருபத்தைந்து இருக்கும். அவருடைய அம்மா கன்னியம்மா கரையில் மீன் ஏலம் எடுத்து விற்பவர். வண்டி அம்மாவின் பெயரில் இருந்தது. தினமும் விடிகிற நேரத்தில் கரையில் மீனை ஏற்றி, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு வந்து, அங்கே பாதியை இறக்கிவிட்டு, மீதியைச் சிங்கப்பெருமாள் கோயில் என்ற ஊருக்குக் கொண்டு போவது வழக்கம். அன்று செங்கல்பட்டு வியாபாரி வரவில்லை. மொத்தப் பாரத்தோடு, நேரமும் கடந்துவிட்டதே என்று ஓட்டி வந்திருக்கிறார். மேம்பாலம் இறங்குகிற இடத்தில், தொழிற்சாலைப் பேருந்துக்காகக் காத்திருந்தவர்களுக்குள் வண்டி புகுந்தது. பவித்ரா என்ற பெண் அந்த இடத்திலேயே இறந்துபோனாள். தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

நானும் கோதண்டம் சாரும் போனபோது வண்டி காவல் நிலைய வளாகத்தில் நின்றது. மீன் நாறுகிறது என்று பெட்டிகளை எல்லாம் இறக்கி அனுப்பிவிட்டிருந்தார்கள். முன்பக்கம் ஒரு விளக்கு உடைந்து, பம்பர் நசுங்கியிருந்தது. அவ்வளவுதான். ஓர் உயிர் போவதற்கு இவ்வளவு நசுங்கல் போதும் என்பது இத்தனை வருடம் பார்த்த பிறகும் எனக்குப் பழகவே இல்லை.

தேசிங்கு உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தார். டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாரே தவிரக் குடிக்கவில்லை.

"கால் என்ன சொல்லுச்சு?" என்றார் கோதண்டம் சார்.

"பாலம் எறங்கிகினு இருந்தேன் சார். முன்னாடி லாரிக்காரன் பிரேக் போட்டான். நானும் வச்சேன். புடிக்கல. உட்டுட்டு மறுபடி வச்சேன். கால் அப்டியே உள்ள பூட்ச்சி சார். அடியில தகடுல போய் இடிச்சுது."

"அதுக்கு முன்னாடி?"

"செங்கல்பட்டு தாண்டுனதுலேர்ந்தே கொஞ்சம் ஆழமாத்தான் வைக்க வேண்டியிருந்துச்சு. வழி பூரா தடுப்பு வச்சிகீறாங்க, சிக்னல் வேற. லேட்டாயிட்ச்சின்னு வெரட்டிகினு வந்தேன். ஒரு கருகுன வாடை வந்துச்சு. முன்னாடி போற லாரில இருந்து வருதுன்னு நெனச்சேன்."

"அப்பறம்?"

"லாரில உட்டா நான் செத்துருப்பேன். லெப்ட்ல ஒடிச்சேன். ஆரன் அடிச்சிகினே வந்தேன் சார். எல்லாரும் நவுந்துட்டாங்க. அந்தப் பொண்ணு காதுல மாட்டிகினு பாட்டு கேட்டுகினு இருந்துச்சு. திரும்பவே இல்ல."

கோதண்டம் சார் டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார்.

வெளியே வந்ததும் நிலைய அதிகாரி சொன்னார்: "கதை உடறான் சார். நானே மிதிச்சுப் பாத்தேன், பிரேக் சும்மா கும்முனு கீது. சாயங்காலத்துக்குள்ள ரிப்போர்ட் குடுத்துட்டீங்கன்னா நல்லா இருக்கும்."

நான் ஏறி மிதித்தேன். அவர் சொன்னது சரி. பெடல் உறுதியாக நின்றது. ஆயில் அளவு சரியாக இருந்தது. சக்கரங்களில் ஒழுகல் இல்லை, குழாய்களில் வெடிப்பு இல்லை. வளாகத்துக்குள்ளேயே கொஞ்சம் ஓட்டி நிறுத்திப் பார்த்தேன், நறுக்கென்று நின்றது. வழக்கமான அந்த ஒற்றை வரியை எழுத எல்லாம் தயாராக இருந்தது. தேசிங்குவின் கால் மட்டும் வேறு சொன்னது.

சக்கரங்களைக் கழற்றச் சொன்னார் கோதண்டம் சார். முன் சக்கரத்தில் பேடு கவ்விப் பிடிக்கிற டிஸ்க் நீலம் பூத்திருந்தது. இரும்பு அடுப்பில் காய்ந்தால் வருமே, அந்த நிறம். பேடுகள் கண்ணாடி போல வழுவழுப்பாகி, ஓரங்கள் கருகி விண்டிருந்தன. ஆயிலைக் கொஞ்சம் உறிஞ்சிப் பார்த்தேன், கஷாயம் போலக் கறுத்திருந்தது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். கடலோரத்தில் இன்னும் அதிகமாகக் குடிக்கும். ஈரம் குடித்த ஆயில் சீக்கிரம் கொதிக்கும். கொதித்தால் குழாய்க்குள் ஆவி நிரம்பும், மிதித்தால் கால் உள்ளே போகும். ஆறிய பிறகு ஆவி மறுபடியும் ஆயிலாகிவிடும், பெடல் பழையபடி நிற்கும். மிதித்துப் பார்க்கிற யாருக்கும் ஒன்றும் தெரியாது.

ஆனால் முன் சக்கரம் இப்படி வெந்துபோக என்ன காரணம்? பின் சக்கரத்து டிரம்மைத் திறந்தோம். உள்ளே, உரசித் தேய வேண்டிய லைனர் கிட்டத்தட்டப் புதிதாக இருந்தது.

"பின்னாடி வேலையே செய்யலியே" என்றார் கோதண்டம் சார்.

நான் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தேன். பின் அச்சின் மேல் ஸ்பிரிங்கைப் பார்த்தபோது விஷயம் புரிந்துவிட்டது. கம்பெனி போட்ட பட்டைகளோடு, கறுப்பு வண்ணம் அடித்த கூடுதல் பட்டைகள் இருந்தன. பாரம் அதிகம் தாங்கட்டும், பின்பக்கம் தொங்காமல் இருக்கட்டும் என்று பட்டறையில் போடுவது. கடலோரத்தில் பாதி வண்டிகளில் இருக்கும்.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். இந்த வகைப் பிக்கப்பில் பின் அச்சுக்கு மேலே ஒரு சிறிய வால்வு உண்டு. பாரம் ஏறினால் வண்டி கீழே இறங்கும். அந்த இறக்கத்தை ஒரு கம்பி வால்வுக்குச் சொல்லும். வால்வு பின் சக்கரங்களுக்கு அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும். காலி வண்டியில் பின் பிரேக் அதிகம் பிடித்தால் வண்டி வழுக்கிச் சுழன்றுவிடும், அதற்காக இந்த ஏற்பாடு. கூடுதல் பட்டை போட்டால் எவ்வளவு ஏற்றினாலும் வண்டி இறங்காது. வண்டி காலியாக இருக்கிறது என்று வால்வு நினைத்துக்கொள்ளும். பின் சக்கரம் சும்மா உருளும், மொத்தப் பாரத்தையும் முன் சக்கரம் நிறுத்த வேண்டும். ஒருமுறை நிறுத்தும். இரண்டு முறை நிறுத்தும். இறங்குமுகத்தில், சூடேறிய பிறகு, நிறுத்தாது.

எந்தப் பாகமும் கெடவில்லை. எல்லாம் ஒழுங்காக வேலை செய்தும் பிரேக் போய்விட்டது.

இதை வெளியே வந்து சொன்னேன். கோதண்டம் சார் வண்டியின் பக்கம் போனார். சேசிஸ் எண் பொறித்த இடத்தைத் துணியால் துடைத்துக் குனிந்து படித்தார். பிறகு பைக்குள்ளிருந்து கைக்கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். வேலை முடியாமல் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"இந்த வண்டிக்கு எஃப்.சி. நான்தாம்மா குடுத்தேன்."

"அப்போ பட்டை இருந்துச்சா சார்?"

"இருந்துச்சு. பாத்தேன். எந்த மீன் வண்டில இல்லைன்னு விட்டேன். காலி வண்டி, ஓட்டிப் பாத்தேன், நல்லா நின்னுச்சு. குடுத்துட்டேன்."

அப்போது வளாகத்துக்குள் ஒருவர் வந்தார். வேட்டி, தோளில் துண்டு. வண்டியைச் சுற்றி வந்து உடைந்த விளக்குக்கு முன்னால் நின்றார். பவித்ராவின் அப்பா என்று காவலர் மெதுவாகச் சொன்னார். பெயர் ஏழுமலை, சிங்கப்பெருமாள் கோயில் ஊரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் நெல் பயிரிடுகிறவர். பிரேதப் பரிசோதனை முடியக் காத்திருந்தவர், எங்கே போவது என்று தெரியாமல் இங்கே வந்திருக்கிறார்.

"நீங்கதான் வண்டிய பாக்க வந்தவங்களா?"

"ஆமாங்க" என்றார் கோதண்டம் சார்.

"வண்டி தப்பா, அந்தப் பையன் தப்பா?"

"இன்னும் முழுசா தெரியலைங்க. தெரிஞ்சதும் சொல்றேன்."

ஏழுமலை தலையாட்டிவிட்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தார். நாங்கள் கிளம்பும்போதும் நின்றார்.

மறுநாள் கன்னியம்மா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கரையிலிருந்து நேராக வந்திருந்தார்; புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"ஸ்பிரிங்க பாத்தீங்களாமே. எம்புள்ள சொன்னான். பட்டை போடச் சொன்னது நானும்மா. அவன் வாணாம்னான். தூக்கித் தூக்கி அடிக்குது, இடுப்பு உட்டுப்போவுதும்மான்னு சொல்லிகினே இருந்தான். நான்தான், ரெண்டு நடைய ஒரே நடையா பூடலாமேன்னு இட்டுகினு போய் போடச் சொன்னேன். அத எழுதும்மா. அவன உட்ருவாங்க இல்ல?"

"யார் போட்டாங்கன்னு நாங்க எழுத மாட்டோம்மா. வண்டிக்கு என்ன ஆச்சுன்னுதான் எழுதுவோம். ஆனா அப்படி எழுதினா, வண்டி உங்க பேர்ல இருக்கு. கேஸ் உங்க பக்கம் திரும்பும்."

"திரும்பட்டும். நான் இன்னா, பொண்டாட்டி கட்டாதவளா, புள்ள பெறாதவளா? என் காலம் பூட்ச்சி. அவனுக்குத்தான் இன்னும் வாழ்க்க கீது."

தாலி என்பதற்குப் பதில் பொண்டாட்டி என்று வாய் தவறி வந்துவிட்டது அவருக்கே தெரிந்தது. திருத்திக்கொள்ளவில்லை. வாசலில் இருந்த குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு போனார்.

ஊகத்தை வைத்து அறிக்கை எழுத முடியாது. பாரத்தோடு ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கோதண்டம் சார் போலீசிடம் எழுதி அனுமதி வாங்கினார். பேடு, ஆயில் எதையும் மாற்றவில்லை. மனை பிரித்துப் போட்டு இன்னும் வீடு வராத ஓர் இடத்தில் நீளமான சாலை இருந்தது. அன்று ஏற்றியிருந்த மீன், ஐஸ் எடைக்குச் சமமாக மணல் மூட்டைகளை ஏற்றினோம். அவ்வளவு மூட்டை ஏறியும் வண்டியின் பின்பக்கம் கொஞ்சமும் தாழவில்லை. காலி வண்டி போலவே நிமிர்ந்து நின்றது.

பக்கத்து இருக்கையில் ஏறப்போனேன். "எறங்குங்கம்மா" என்றார். "நான் ஒருத்தன் போதும்."

அவர் வேகமெடுத்து, நிறுத்தி, மறுபடி வேகமெடுத்து, நிறுத்தி, சாலையின் கோடிக்குப் போய்த் திரும்பி வந்தார். நான் ஓரத்தில் நின்று பார்த்தேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தள்ளித் தள்ளி நின்றது. முன் சக்கரங்களிலிருந்து மெல்லிய புகை வந்தது. தேசிங்கு சொன்ன கருகிய வாடை எனக்கு வந்தது. கையை ஆட்டிப் போதும் என்று காட்டினேன். அவர் பார்த்தாரோ என்னவோ, இன்னொரு முறை திரும்பினார். நிறுத்த வேண்டிய இடத்தில் வண்டி நிற்கவில்லை. என்னைத் தாண்டிப் போனது. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, கடைசியில் சாலையோர மண் குவியலில் ஏற்றித்தான் நிறுத்தினார்.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் வியர்வை ஓடியது.

"கால் உள்ள போயிடுச்சும்மா" என்றார்.

நான் முன் சக்கரத்தின் பக்கம் போனேன். வெப்பம் முகத்தில் அடித்தது, கிட்டே நெருங்க முடியவில்லை. பின் சக்கரத்து டிரம்மில் உள்ளங்கையை வைத்தேன். வெயிலில் நின்ற சூடுதான் இருந்தது.

அறிக்கையை நான் எழுதினேன். பாகங்கள் ஒழுங்காக இருந்ததையும், கூடுதல் பட்டையால் வால்வு ஏமாந்ததையும், பாரத்தோடு ஓட்டியபோது பிரேக் போனதையும், காலி வண்டியில் இந்தக் குறை தெரியாது என்பதையும் எழுதினேன். கோதண்டம் சார் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ஒண்ண விட்டுட்டீங்க. எஃப்.சி. குடுத்தப்பவே பட்டை இருந்துச்சுன்னு எழுதல."

"அது தேவையா சார்? விபத்துக்கு..."

"அந்தப் பெரியவர் கேட்டாரே, வண்டி தப்பா பையன் தப்பான்னு. பாதி பதில மட்டும் சொல்லச் சொல்றீங்களா? எழுதுங்க. ஏன் விட்டன்னு கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

எழுதினேன். அந்த ஒரு வாக்கியத்தை எழுத எனக்கு ஆன நேரத்தில் மற்றதை எல்லாம் எழுதி முடித்திருந்தேன்.

கேட்டார்கள். முதலில் விளக்கம், பிறகு குற்றச்சாட்டு, பிறகு பணியிடை நீக்கம். எத்தனையோ பேர் எவ்வளவோ பார்த்தும் பார்க்காமலும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். உண்மையைச் சொன்ன காகிதம் ஒன்றுதான் இருந்தது, அதில் அவர் பெயர் இருந்தது. விசாரணை முடியாமலே அவருக்கு ஓய்வு பெறும் நாள் வந்தது. வழியனுப்பு விழா கிடையாது. விசாரணையில் இருப்பவருக்கு வைக்கக் கூடாதாம். மேசையைக் காலி செய்ய வந்தவரோடு நான் மட்டும் வாசல் வரை போனேன். "சார், நான் எழுதினதால..." என்று தொடங்கினேன்.

"நீங்க எழுதலைன்னா நானே எழுதியிருப்பேன். கையெழுத்து நல்லா இருக்கணுமேன்னுதான் உங்கள எழுதச் சொன்னேன்" என்றார். அவர் என்னிடம் வேடிக்கையாகப் பேசியது அது ஒருமுறைதான். பிறகு நான் அவர் வீட்டுக்கு எப்போதாவது போவேன். வேலையைப் பற்றி அவர் பேசியதில்லை.

கடலோரத்து வண்டிகளைச் சோதிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மாமல்லபுரம் சாலையில் நின்று பட்டை போட்ட வண்டிகளை நிறுத்தினேன். வண்டிக்காரர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "இன்னா மேடம், எங்க பொழப்புல மண்ணள்ளிப் போடறீங்க? பட்டை இல்லாம எந்த வண்டி ஓடுது?" என்று ஒருவர் கத்தினார். பட்டறைகளில் பட்டையைக் கழற்றினார்கள். உத்தரவின் சூடு ஆறியதும் மறுபடி மாட்டினார்கள். இப்போது தகுதிச் சோதனைக்கு இயந்திரங்கள் வந்திருக்கின்றன. உருளைகளின் மேல் வண்டியை ஏற்றினால் பிரேக்கின் பலம் திரையில் தெரிகிறது. நல்ல இயந்திரங்கள், கைநீட்டாத இயந்திரங்கள். வண்டி மட்டும் இன்னும் காலியாகத்தான் வருகிறது.

வழக்கு சில வருடம் இழுத்தது. என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். வால்வையும் பட்டையையும் நீதிபதிக்குப் புரியும்படி சொன்னேன். வெளியே வந்தபோது வராந்தாவில் கன்னியம்மாவும், எதிர்ப்பக்கச் சுவரோரம் ஏழுமலையும் நின்றிருந்தார்கள். உள்ளே எல்லாவற்றையும் இருவரும் கேட்டிருந்தார்கள். ஏழுமலை அவருக்கு முன்னால் போய் நின்றார். அடிக்கப் போகிறாரோ என்று ஒரு காவலர் நெருங்கினார்.

"எம்பொண்ணு மீனே தின்னாதும்மா" என்றார் ஏழுமலை. "வாடையே ஆவாது அதுக்கு."

கன்னியம்மா இரண்டு கைகளையும் குவித்தார். ஏழுமலை அதைப் பார்க்காமல் படியிறங்கிப் போனார். கோதண்டம் சார் சொன்ன வாக்குப்படி பதிலைத் தெரிவிக்க ஏழுமலையின் கிராமத்துக்கு முன்பே போய் வந்திருந்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அங்கே என்ன பேசினார்கள் என்று இருவருமே சொன்னதில்லை.

தேசிங்குவை விடுவித்தார்கள். கன்னியம்மாவுக்குத் தண்டனை ஆனது, மேல்முறையீட்டில் குறைந்தது. தேசிங்கு அதன் பிறகு வண்டி எதையும் தொடவில்லை. மாமல்லபுரத்தில் ஒரு விடுதியில் தோட்ட வேலை செய்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

வழக்கு முடிந்து வண்டி விடுவிக்கப்பட்டதும், அதை விற்பதற்காகக் கன்னியம்மா சரிசெய்து எஃப்.சி.க்குக் கொண்டுவந்தார். கூலிக்கு ஒரு டிரைவர் ஓட்டி வந்தார். நான் படுத்துப் பார்த்தேன்: கூடுதல் பட்டைகள் இல்லை, பேடும் ஆயிலும் புதிது. ஆனால் பின்னால் மீன் பெட்டிகள் ஐஸோடு அடுக்கப்பட்டிருந்தன. வண்டி பின்பக்கம் நன்றாகத் தாழ்ந்திருந்தது.

"காலி வண்டிதாம்மா கொண்டு வரணும்" என்றேன்.

"தெரியும். பெட்டியோடவே பாரும்மா. வாங்கப் போறவனும் புள்ள குட்டிக்காரன்."

விதியில் அப்படி இல்லை. கூடாது என்றும் இல்லை. ஏறினேன். கன்னியம்மா கேட்காமலே பக்கத்து இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். சோதனைச் சாலையில் பிரேக் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி ஓட்டி நிறுத்தினேன். கடைசியாக வேகமெடுத்து முழுதாக மிதித்தேன். வண்டி நான்கு சக்கரத்திலும் பிடித்து, குலுங்காமல் நின்றது.

கன்னியம்மா இறங்கினார். "எங்க மிதிச்ச?" என்று கேட்டார்.

டயர் தேய்ந்த தடம் தொடங்குகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் காட்டினேன். அங்கே போய் நின்றார். அங்கிருந்து வண்டி வரை மெதுவாக நடந்து வந்தார், நடந்த தூரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"அன்னிக்கு லாரி இதவிட தூரமா இருந்துச்சுன்னு எம்புள்ள சொன்னான்."

எனக்கும் தெரியும். விபத்து நடந்த இடத்தை அளந்தவர்களில் நானும் ஒருத்தி.

"அப்ப நின்னுருக்கும்" என்றார். என்னிடம் கேட்கவில்லை. ஆனால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா" என்றேன்.

சாலையின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டார். அடுத்த வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். கையைக் காட்டி அவரை நிறுத்தினேன். பெட்டிகளிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டி, ஓடி, அவருடைய புடவைக்கு அடியில் போனது. பக்கத்தில் போய் நின்றேன்.

எஃப்.சி. கொடுத்துவிட்டேன். வண்டியைக் கூலி டிரைவர் ஓட்டிக்கொண்டு போனார். கன்னியம்மா அதில் ஏறவில்லை. பேருந்து நிறுத்தம் வரை நடந்து, பேருந்தில் ஊருக்குப் போனார்.